சீஷெல்ஸ் கொடியைச் சரியான அளவில் வரைவது எப்படி

இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸின் கொடியில் சின்னமோ நட்சத்திரமோ இல்லை. இடது கீழ் மூலையிலிருந்து ஐந்து நிறப் பட்டைகள் விசிறியாக விரிகின்றன, அவ்வளவுதான். முதல் பார்வையில் கோணமானியை எடுத்து அந்த மூலையை ஐந்து சம கோணங்களாகப் பிரிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் கொடி தவறாகிவிடும், ஏனெனில் அளக்க வேண்டியவை கோணங்கள் அல்ல, விளிம்புகள்.

கொடியின் உயரமும் நீளமும் 1:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பதால், 15 செ.மீ. உயரமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட செவ்வகம் வசதியானது. மேல் விளிம்பில் இடப்புறத்திலிருந்து 10, 20 செ.மீ. தொலைவிலும், வலது விளிம்பில் மேலிருந்து 5, 10 செ.மீ. தொலைவிலும் புள்ளி வையுங்கள். இடது கீழ் மூலையிலிருந்து இந்த நான்கு புள்ளிகளுக்கும் கோடு இழுத்தால் கட்டமைப்பு முடிந்துவிடும். இடமிருந்து வலமாக நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, பச்சை என்பது வரிசை.

நீலம் அகன்றும் வெள்ளையும் பச்சையும் ஒடுங்கியும் தெரிவதைக் கண்டு அளவு பிசகிவிட்டதோ என்று ஐயுற வேண்டாம். நான்கு முக்கோணங்களும் தலா 75 சதுர செ.மீ. பரப்புடையவை, வலது மேல் மூலையைத் தன்னுள் கொண்ட சிவப்பு மட்டும் நாற்கரமாகி, சரியாக இரு மடங்காக, 150 சதுர செ.மீ. இடத்தைப் பிடிக்கிறது.

நீலம் வானையும் கடலையும், மஞ்சள் ஒளியும் உயிரும் தரும் சூரியனையும், சிவப்பு மக்களையும் ஒற்றுமையாக உழைக்கும் அவர்களது உறுதியையும், வெள்ளை சமூக நீதியையும் நல்லிணக்கத்தையும், பச்சை நிலத்தையும் இயற்கையையும் குறிப்பதாக அதிகாரபூர்வ விளக்கம் கூறுகிறது. இவ்விளக்கத்தைவிட நிறங்களின் அரசியல் பின்னணியே எனக்குச் சுவையாகத் தோன்றுகிறது. 1976இல் விடுதலை பெற்றபோது ஏற்ற கொடி, 1977 ஆட்சிக் கவிழ்ப்பில் அதிபர் ஜேம்ஸ் மான்ச்சம் அகற்றப்பட்டபின் நீக்கப்பட்டு, சிவப்பு, வெள்ளை, பச்சை கொண்ட கொடிக்கு இடம் விட்டது. அது கவிழ்ப்பின் மூலம் ஆட்சிக்கு வந்த பிரான்ஸ்-ஆல்பர்ட் ரெனே என்பவரின் கட்சி நிறங்களைத் தாங்கியது. பல கட்சி முறை திரும்பியபின், 1996இல் வந்த இன்றைய கொடியில் அம்மூன்று நிறங்களுடன் மான்ச்சம் கட்சியின் நீலமும் மஞ்சளும் சேர்ந்தன.

வண்ணம் தீட்டும்போது வெள்ளைப் பட்டையைத் தாளாகவே விட்டுவிட்டு மஞ்சளில் தொடங்குங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் நீலத்தையும் சிவப்பையும் தீட்டினால் ஓரங்கள் கலங்காது. ஐந்து கூர்முனைகளும் சந்திக்கும் மூலையில்தான் வண்ணம் குழம்பும் என்பதால், அங்கே மெல்லிய தூரிகையால் மூலையிலிருந்து வெளிப்புறமாக இழுப்பது நல்லது. துணியில் இரு பக்கமும் தீட்டுவதானால், பின்பக்கத்தில் பட்டைகள் வலது கீழ் மூலையிலிருந்து விரிய வேண்டும். எந்தப் பக்கத்திலும் நீலப் பட்டையே கம்பத்தை ஒட்டியிருக்கும்.