அந்த வரி யாருடையது?

அமெரிக்க அதிபர்களின் உரைகளை ஆராய்வது என் படிப்பு. இங்குள்ள தலைவர்களுக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுத்தது என் பிழைப்பு. இரண்டில் எதைக் கற்க வருகிற இளைஞரும் நான் விழுந்த குழிகளிலேயே விழுகிறார். பிழை திருத்து, நேரத்தைத் தாண்டாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நான் எழுதியது" என்று சொல்வது

இதைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. முன்பு இப்படிச் சொன்னவன் நானே. ஒரு தேர்தல் கூட்டத்தில் தலைவரின் ஒரு வரிக்குப் பலத்த கைத்தட்டல். மறுநாள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "அது நான் எழுதியது" என்றேன். பாயசம் வருவதற்குள் செய்தி பந்தியைத் தாண்டிவிட்டது. அந்த வாரமே எதிரணி மேடையில் "இரவல் வாய்" என்று கேலி செய்தார்கள். தலைவர் என்னைத் திட்டவில்லை. அதன்பின் கூப்பிடவும் இல்லை.

1961 ஜனவரி 20 அன்று கென்னடி ஆற்றிய பதவியேற்பு உரையில், "நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே" என்ற வரி வருகிறது. அதை எழுதியது யார் என்று அவருக்கு உரை எழுதிக் கொடுத்த தியோடர் சோரன்சனைக் கேட்டபோது அவர் தந்த பதில்: "கேட்காதே."

ஆராய்ச்சிக்கு வந்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. வரைவுகளைத் துழாவி, இது இன்னாருடையது, அது இன்னாருடையது என்று வரிகளுக்குப் பட்டா பிரித்துக்கொண்டிருந்தேன். லிங்கன்தான் அதை நிறுத்தினார். 1861இல் அவருடைய முதல் பதவியேற்பு உரைக்கு, வெளியுறவு அமைச்சராகவிருந்த வில்லியம் சீவர்ட் முடிவுப் பத்தி ஒன்றை எழுதித் தந்தார். அதில் "நாட்டின் காவல் தேவதை" என்றிருந்தது. லிங்கன் அதை "நம் இயல்பிலுள்ள மேலான தேவதைகள்" என்று மாற்றினார். வெளியே நின்ற தேவதை மனிதனுக்குள் வந்துவிட்டது. இப்போது பட்டா யார் பெயரில்?

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் ரூஸ்வெல்ட் தாமே வாய்மொழியாகச் சொல்லித் தட்டச்சு செய்வித்த உரையிலும் ஒரு திருத்தமே வரியை ஆக்கியதைக் காணலாம். "உலக வரலாற்றில்" நிலைக்கும் நாள் என்று சொன்னவர், பிறகு அந்தச் சொற்களை அடித்துவிட்டு "இழிவில்" என்று தம் கையாலேயே எழுதினார். வரைவு கையில் கிடைத்தால் முதலில் அடித்தல் திருத்தலைப் பாருங்கள். பெயர் பிறகு இருக்கட்டும்.

மேற்கோள்களை அடுக்குவது

வேண்டாம்.

பட்டப்பெயரை நம்புவது

1979 ஜூலை 15 அன்று கார்ட்டர் ஆற்றிய உரையை "மலேஸ்" உரை என்பார்கள். சோர்வு என்று பொருள். அந்தச் சொல் உரையில் ஓரிடத்திலும் இல்லை. இருந்தும் அந்தச் சொல்லாட்சியின் நயத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி எடுத்துவந்தார் ஒருவர்.

எல்லா வரிக்கும் மல்லுக்கட்டுவது

1987இல் பெர்லினில் ரீகன் பேசவிருந்த உரைக்குப் பீட்டர் ராபின்சன் எழுதிய வரைவிலிருந்து, பெர்லின் சுவரை இடிக்கச் சொல்லும் வரியை நீக்கும்படி வெளியுறவுத் துறையும் தேசியப் பாதுகாப்புக் குழுவும் வற்புறுத்தின. ரீகன் அதை வைத்துக்கொண்டார். இந்தக் கதையைச் சொன்ன மறுநாளே என் மாணவர் ஒருவர் தம் வரைவில் பதினொரு வரிகளுக்காக என்னோடு சண்டைக்கு நின்றார். பதினொன்றும் உவமைகள்.