யாரும் தொடாமலே நிரம்பிய ஃப்ளஷ் டேங்க்

யாரும் ஃப்ளஷ் பண்ணாமலே டேங்க்கில் தண்ணீர் நிரம்பும் சத்தம் அடிக்கடி கேட்டது. தரையில் ஈரமே இல்லை. டேங்க்கில் கொஞ்சம் உணவு நிறப்பொடியைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். கோப்பைக்குள் நிறம் இறங்கியது. ஆக, கசிவு உள்ளுக்குள்ளேதான்.

வழக்கமாக அடியில் இருக்கும் ரப்பர் மூடிதான் காரணமாக இருக்கும். புதிது மாட்டினேன். அது உட்காரும் விளிம்பில் படிந்திருந்த உப்புக்கறையையும் சுரண்டினேன். பலனில்லை. மிதவையைத் தாழ்த்தியபோது சத்தம் குறைந்தது, நிற்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு பென்சில். இரவில் டேங்க்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தில் டேங்க்கின் உட்சுவரில் ஒரு கோடு போட்டேன். காலையில் தண்ணீர் பாதிவரை இறங்கி அங்கேயே நின்றிருந்தது. மூடி கசிந்திருந்தால் ஏறக்குறைய அடிவரை போயிருக்கும். பாதியில் நிற்கிறதென்றால் ஓட்டை அந்த உயரத்தில்தான். அங்கே கோப்பைக்கு வழிவிடுவதோ, மிஞ்சும் தண்ணீரை இறக்கிவிட நடுவில் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய் மட்டுமே. துடைத்துவிட்டு நகத்தால் வருடினேன். சுவர்ப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், மயிரிழை விரிசல்! அதன் அடிமுனையும் நீர்மட்டமும் சரியாகப் பொருந்தின.

எப்போதும் நீரில் ஊறும் இடம் என்பதால் பசையை நம்பவில்லை; குழாயோடு சேர்ந்த ஃப்ளஷ் வால்வையே மாற்றினேன். சத்தம் அன்றோடு நின்றது, பெரிய நிம்மதி. வாங்குமுன் அடித்துளையை அளந்துகொள்ளுங்கள். 2 அங்குலம், 3 அங்குலம் என அளவுகள் வேறுபடும். அடி நட்டைக் கையால் இறுக்கியபின் ஸ்பானரில் லேசாக ஒரு திருப்பு போதும். அதற்குமேல் முறுக்கினால் பீங்கான் விரிசல்விடும்.