சம்ப் மோட்டார்: எச்.பி.யைக் கேட்காமல் உயரத்தை அளந்து வாங்குங்கள்

சம்ப் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சிறிய மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒன்றாகச் சேர்ந்த) மோட்டார் அடிக்கடி எரிந்துபோனால் பெரும்பாலும் கரன்ட்டின் மேல்தான் பழி விழுகிறது. பாதி நேரம் கோளாறு வாங்கிய அன்றே தொடங்கிவிடுகிறது. ஒரே எச்.பி.யில் (குதிரைத்திறனில்) 15 மீட்டருக்கு நிறையத் தண்ணீர் தள்ளும் பம்பும் உண்டு, 40 மீட்டருக்குக் கொஞ்சமாகத் தள்ளும் பம்பும் உண்டு. உங்கள் வீட்டுக்கு எது என்பதைக் குதிரைத்திறன் சொல்லாது, ஹெட்தான் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம், குழாய் உராய்வையும் சேர்த்து) சொல்லும்.

ஹெட் கணக்கு

சம்ப்பில் தண்ணீர் மிகவும் குறைந்திருக்கும்போது எந்த மட்டத்தில் நிற்குமோ, அங்கிருந்து மாடித் தொட்டியில் குழாய் வாய் இருக்கும் இடம் வரை நேர் உயரத்தை அளக்க வேண்டும். ஒரு மாடி வீடு, படிக்கட்டு அறைக்கு மேல் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து குழாய் வாய் 30 அடி, சம்ப்பின் அடிமட்டத் தண்ணீர் தரைக்குக் கீழே 7 அடி. மொத்தம் 37 அடி, அதாவது ஏறக்குறைய 11.3 மீட்டர்.

இதோடு குழாய் உராய்வைச் சேர்க்க வேண்டும். 1,000 லிட்டர் தொட்டி அரை மணி நேரத்தில் நிறைய வேண்டுமானால் மணிக்கு 2,000 லிட்டர் ஓட வேண்டும். 60 அடி நீளத்தில் ஒரு அங்குலக் குழாய், நாலைந்து எல்போ என்றால் உராய்வுக்கு இரண்டு மீட்டர் சேர்த்தால் போதும். அதே தண்ணீரை முக்கால் அங்குலக் குழாயில் தள்ளினால் உராய்வு ஏறத்தாழ மூன்று மடங்காகும். தொட்டி நிறைய நேரமாகிறதென்று பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன் குழாயின் அளவைப் பாருங்கள். பல வீடுகளில் குழாயை மாற்றினாலே போதும்.

ஆக, இந்த வீட்டுக்கு வேண்டியது 13 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 2,000 லிட்டர். நல்ல அரை எச்.பி. பம்பே இதற்குப் போதும். கடையில் அந்த மாடலின் ஹெட் – டிஸ்சார்ஜ் அட்டவணையை (எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை) கேட்டு வாங்கி, 13 மீட்டருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச ஹெட்டை நம்பாதீர்கள். அந்த உயரத்தில் சொட்டுத் தண்ணீர்கூட வராது. உங்களுடைய ஹெட், பெயர்ப் பலகையில் உள்ள ஹெட் எல்லையின் நடுப்பகுதியில் விழ வேண்டும்.

இரண்டு வகை, எதிரெதிர் குணம்

வீடுகளுக்கு விற்கும் அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் (குழாயிலுள்ள காற்றைத் தானே வெளியேற்றித் தண்ணீரை இழுக்கும்) பம்புகளில் பெரும்பாலானவை ரீஜெனரேடிவ் வகை (இந்தியத் தர எண் ஐ.எஸ். 8472). பித்தளை இம்பெல்லருக்கும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அதன் உறைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளிதான் இருக்கும். சிறிய மோட்டாரிலேயே நல்ல உயரம் ஏற்றும். ஆனால் மணல் கலந்த தண்ணீர் வந்தால் இம்பெல்லர் தேய்ந்துவிடும், உப்பு படிந்தால் இறுகிவிடும். சென்ட்ரிஃபியூகல் (மையவிலக்கு) மோனோபிளாக் (ஐ.எஸ். 9079) கலங்கல் தண்ணீரை ஓரளவு தாங்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ரீஜெனரேடிவ் பம்பில் எதிர்ப்பு கூடக் கூட மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும். டெலிவரி (தண்ணீர் வெளியேறும் பக்க) வால்வை மூடிவிட்டு ஓட்டினால் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) சூடேறும். அதனால் மாடித் தொட்டிக் குழாயின் வாயில் பால் வால்வு (மிதக்கும் பந்து வால்வு) போட்டு, தொட்டி நிறைந்ததும் தண்ணீரை அடைக்கும் ஏற்பாடு இந்த வகைக்குக் கூடவே கூடாது. கரன்ட்டை நிறுத்தும் ஃப்ளோட் ஸ்விட்ச்தான் சரி.

சென்ட்ரிஃபியூகல் பம்ப் இதற்கு நேர்மாறு. எதிர்ப்பு குறைந்தால் தண்ணீர் அதிகமாகப் பாயும், கரன்ட்டும் ஏறும். 30 மீட்டருக்குச் செய்த பம்பை 10 மீட்டரில் மாட்டினால் ‘தண்ணி பிரமாதமா வருது’ என்று தோன்றும். உள்ளே மோட்டார் அளவுக்கு மீறிய பாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கிளாம்ப் மீட்டரில் (கம்பியைக் கவ்வி கரன்ட்டை அளக்கும் கருவி) ஆம்பியர் பார்த்து, பெயர்ப் பலகையில் உள்ளதைவிட அதிகம் என்றால், டெலிவரி கேட் வால்வைச் சிறிது சிறிதாக மூடி அளவுக்குக் கொண்டுவரலாம்.

மாட்டும்போது

உறிஞ்சும் பக்கத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். காற்றழுத்தத்தால் தண்ணீரை ஏற்றக்கூடிய கோட்பாட்டு எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர்தான். தண்ணீர் அதற்கும் கீழே என்றால் ஜெட் பம்போ நீர்மூழ்கியோதான் வழி. உறிஞ்சும் குழாயைப் பம்பின் வாய் அளவைவிடச் சிறியதாக்காதீர்கள். படுக்கையாக வரும் பகுதி பம்பை நோக்கி லேசாக ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கும். ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் கீழ் முனையில் உள்ள ஒருவழி வால்வு) சம்ப்பின் அடியிலிருந்து ஓர் அடியாவது மேலே இருக்கட்டும், சேறு ஏறாது.

மோட்டாரைத் தரையிலிருந்து அரை அடி உயர மேடையில் வைத்து, ஃபேன் பக்கம் அரை அடி இடம் விடுங்கள். மழைக்கு மேலே தகடு போதும்; சாக்கு போட்டுச் சுற்றினால் சூடு வெளியேறாது. எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். ஈரத் தரையில் நின்றுகொண்டு தொடுகிற இயந்திரம் இது.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

செல்ஃப் பிரைமிங் என்றாலும் முதல் முறை உறைக்குள் தண்ணீர் நிரப்பித்தான் ஓட்ட வேண்டும். சில நிமிடங்களில் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். வறண்டு ஓடும்போது மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டின் வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் பாகம்) சூடேறிக் கருகும்.

அடுத்து, உறிஞ்சும் குழாயைப் பிரைமிங் மூடி (தண்ணீர் ஊற்றும் வாய்) வழியாக விளிம்புவரை நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வு மூடவில்லை, அல்லது குழாயில் எங்கோ கசிவு. ஃபுட் வால்வைக் கழற்றி வாஷரைத் துடைத்துப் பாருங்கள். ஒரு சிறு கல் சிக்கியிருந்தாலும் இதுதான் நடக்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் பால் போல் நுரைத்து, விட்டு விட்டு விழுகிறதா? உறிஞ்சும் இணைப்பு ஒன்றில் காற்று புகுகிறது. ஓடும்போதே இணைப்புகளின் மேல் ஒவ்வொன்றாகக் கெட்டியான கிரீஸ் தடவுங்கள். எதில் தடவியதும் ஓட்டம் சீராகிறதோ, அந்த இணைப்பைக் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுங்கள்.

உறுமுகிறது, சுற்றவில்லை

உடனே மெயினை அணையுங்கள். ஃபேன் பக்கம் ஷாஃப்ட் முனையில் உள்ள காடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்புங்கள். இறுகியிருந்தால், நாள்பட ஓடாமல் இம்பெல்லர் பிடித்துக்கொண்டது. முன்னும் பின்னும் அசைத்து விடுவிக்கலாம். விடாவிட்டால் உறையைக் கழற்றி இம்பெல்லரைச் சில மணி நேரம் வினிகரில் ஊறவைத்து உப்பைத் தேயுங்கள். கழிப்பறை ஆசிட் பித்தளையைத் தின்றுவிடும்.

ஷாஃப்ட் தாராளமாகச் சுற்றுகிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் சந்தேகம் கண்டென்சர் (மோட்டாரைக் கிளப்ப உதவும் மின்தேக்கி) மேல். பழையதில் எழுதியுள்ள அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் (பொதுவாக 440) வாங்குங்கள். பெரிய அளவு போட்டால் நன்றாக இழுக்கும் என்பது தவறு. துணைச் சுருளில் கரன்ட் கூடி அது எரியும்.

மின்னழுத்தம் குறைவாக இருந்தாலும் இதே உறுமல் வரும். கிளம்பும் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் விசை 60 சதவீதம்தான். அந்த நேரத்தில் போடாமல் இருப்பதே நல்லது. இன்னொன்று: உள்ளே தெர்மல் கட்-ஆஃப் (அதிகம் சூடேறினால் கரன்ட்டைத் துண்டிக்கும் பாகம்) உள்ள மோட்டார் சூடு தணிந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும். நின்றுவிட்டதே என்று மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள்.

சொட்டும் சீல்

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒழுகினால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. தள்ளிப்போடக் கூடாத வேலை இது. அந்தத் தண்ணீர் முதலில் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், ‘கீச்’ என்ற சத்தம் வரும், பிறகு காயிலை அடையும். புதிய சீலின் கார்பன், செராமிக் முகங்களை விரலால் தொடாமல், கிரீஸ் தடவாமல், சுத்தமான தண்ணீரில் நனைத்து மாட்ட வேண்டும். பேரிங் சத்தம் இருந்தால் அதே பிரிப்பில் அதையும் மாற்றிவிடுங்கள்.

காயில் எரிந்தே விட்டால், ரீவைண்டிங் (புதுக் கம்பி சுற்ற) கொடுக்கும் முன் பழைய சுருளின் கம்பி கேஜையும் சுற்று எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். செம்புக் கம்பிதானா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். அலுமினியக் கம்பியில் சுற்றிய மலிவான அரை எச்.பி. என்றால், ரீவைண்டிங் கூலியைப் புதுப் பம்பின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.