கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்: பழைய பேஸ்பால் பொருள்களைச் சோதித்து வாங்கும் முறை

அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் கையெழுத்திட்ட பந்து ஒன்று விலைக்கு வந்தால் எல்லோர் கண்ணும் நேராகக் கையெழுத்துக்குத்தான் போகும். போலி செய்பவனுக்கும் அது தெரியும்; அவன் எழுதிப் பழகுவதெல்லாம் அந்த இரண்டு சொல்லைத்தான். பந்தில் அச்சாகியிருக்கும் லீக் தலைவர் பெயர், தையல் நூலின் நிறம், மையின் வகை, தோலின் விரிசல் என்று மற்ற இடங்களில் சறுக்கிவிடுவான். அதனால் சோதனையைப் பொருளில் தொடங்கிக் கையெழுத்தில் முடியுங்கள். ‘இது அசல்’ என்று நிறுவுவது கடினம். ‘இது அசலாக இருக்கவே முடியாது’ என்று காட்டுவது பல சமயம் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை முதலில் செலவிடுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. 10 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லூப் ஒன்று, 30 மடங்கு லூப் ஒன்று, டிஜிட்டல் காலிப்பர், துணி அளவு நாடா, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். டார்ச்சில் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 வகை ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டுவதால் எது ஒளிர்கிறது, எது வெறுமனே ஊதாவாகத் தெரிகிறது என்று பிரிக்க முடியாது. கையுறை வேண்டாம், கழுவி நன்றாகக் காய்ந்த கை போதும்.

பந்து

கிரிக்கெட் பந்தில் தையல் நடுவே ஒரு வட்டமாக ஓடும். பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள் வளைந்து வளைந்து ஓடி, இரண்டு இடங்களில் நெருங்கி வரும். அந்தக் குறுகலான இடத்துக்கு ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்று பெயர். தனி ஆட்டக்காரர் கையெழுத்துக்கு அதிக விலை கிடைப்பது அங்கேதான். அணி முழுவதும் கையெழுத்திட்ட பந்தில் அந்த இடத்தை வழக்கமாக மேலாளருக்கு விட்டுவிடுவார்கள். அதிகாரபூர்வப் பந்தின் சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம், எடை 5 முதல் 5¼ அவுன்ஸ்.

முதலில் அச்சைப் படியுங்கள். 1999 வரை அமெரிக்கன், நேஷனல் என்ற இரு லீகும் தனித்தனிப் பந்து வைத்திருந்தன, ஒவ்வொன்றிலும் அப்போதைய லீக் தலைவரின் பெயர் இருக்கும். அமெரிக்கன் லீகில் பான் ஜான்சன் 1927 வரை, பர்னார்ட் 1931 வரை, வில்லியம் ஹாரிட்ஜ் 1959 வரை, ஜோ க்ரோனின் 1973 வரை, லீ மக்ஃபெயில் 1974 முதல் 1983 வரை. நேஷனல் லீகில் ஜான் ஹைட்லர் 1918 முதல் 1934 வரை, அடுத்து ஃபோர்ட் ஃப்ரிக் 1951 வரை, வாரன் கைல்ஸ் 1969 வரை, சப் ஃபீனி 1970 முதல் 1986 வரை. தயாரிப்பாளர் பெயரும் உதவும்: 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்கன் லீக் பந்தில் ‘ரீச்’, 1976 வரை நேஷனல் லீக் பந்தில் ‘ஸ்பால்டிங்’, 1977 முதல் இரண்டிலும் ‘ராலிங்ஸ்’. 2000 முதல் இரு லீகுக்கும் ஒரே பந்து, அதில் கமிஷனரின் பெயர்; 2014 வரை அது பட் செலிக்.

இந்தப் பட்டியலை ஆட்டக்காரர்களின் இறந்த தேதியோடு சேர்த்து வையுங்கள். லூ கெரிக் 1941 ஜூன் 2, ரூத் 1948 ஆகஸ்ட் 16, டை காப் 1961, ராபர்ட்டோ கிளமென்ட்டே 1972 டிசம்பர் 31. க்ரோனின் பெயருள்ள பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால் அதற்கு மேல் லூப் கூடத் தேவையில்லை. கிளமென்ட்டே கையெழுத்துள்ள ராலிங்ஸ் நேஷனல் லீக் பந்தும் அப்படியே. போலி செய்பவர்களுக்கும் இந்தப் பட்டியல் தெரியும் என்பதால், அச்சு இருக்க வேண்டிய இடத்தை மட்டும் தேய்த்து அழித்துவிடுவார்கள். பந்து எங்கும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் சரி. அச்சு இருந்த இடம் மட்டும் சொரசொரவென்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

நூல் அடுத்தது. 1930களின் முற்பகுதி வரை அமெரிக்கன் லீக் பந்தில் சிவப்பும் நீலமும், நேஷனல் லீக் பந்தில் சிவப்பும் கறுப்பும் கலந்திருக்கும். ஜான்சன் பெயருள்ள பந்தில் முழுச் சிவப்பு நூல் இருந்தால் காரணம் கேளுங்கள். 1974ல் குதிரைத் தோலிலிருந்து மாட்டுத் தோலுக்கு மாறினார்கள், ஆனால் கண்ணால் மட்டும் பார்த்து அதைப் பிரித்தறிவது எளிதல்ல. அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

பழுப்பேறிப் பளபளக்கும் பந்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். அந்தக் காலத்தில் கையெழுத்தைக் காப்பதாக நினைத்துப் பலர் ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷ் பூசினார்கள், அது காலப்போக்கில் தேன் நிறமாகிவிட்டது. போலிகளும் பழமை காட்ட அதையே பூசுகிறார்கள். ஷெல்லாக்கை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மை

அமெரிக்கக் கடைகளில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். ஆகவே கெரிக் பால்பாயிண்டில் கையெழுத்திட வழியே இல்லை. ரூத்துக்குக் கடைசி மூன்று ஆண்டுகள் அந்த வாய்ப்பு இருந்தது. ஷார்ப்பி மார்க்கர் 1964ல் வந்தது. டை காப் அதைப் பார்த்ததில்லை. பவுண்டன் பேனா மை தோலுக்குள் இறங்கி, ஓரங்களில் மெல்லியதாகக் கசிந்து, மங்கும்போது பழுப்பாகும். பால்பாயிண்ட் கோட்டில் உருளை அழுத்திய பள்ளம் தெரியும். மார்க்கர் கோட்டைச் சுற்றி நிறம் பரவி ஒரு விளிம்பு கட்டும்.

30 மடங்கு லூப்பை இனி எடுங்கள். கையெழுத்துக் கோடு ஒன்று தோலின் விரிசலைக் கடக்கும் இடத்தைத் தேடுங்கள். அசலில் கோடு முதலில் போடப்பட்டது, விரிசல் பிறகு வந்தது; எனவே விரிசலின் இரு கரையிலும் மை நின்றுவிடும், பள்ளத்துக்குள் வெறும் தோல்தான் தெரியும். பழைய வெற்றுப் பந்தில் இன்று எழுதினால் மை விரிசலுக்குள் வழிந்து, அதன் வழியே பக்கவாட்டில் கொஞ்சம் ஓடியிருக்கும். அழுக்கும் இதே கதைதான். அசலில் அழுக்கு மைக்கு மேலே படிந்திருக்கும், போலியில் மை அழுக்குக்கு மேலே கிடக்கும். இந்தச் சோதனையை ஏமாற்றுவது மிகக் கடினம். ஒரு பந்துக்கு இரண்டு மூன்று இடமாவது பாருங்கள்.

கையெழுத்து

இதையெல்லாம் கடந்து வந்த பந்துக்குத்தான் எழுத்தை ஆராய வேண்டும். ஆராயாமல் விடவும் முடியாது. ஏனென்றால் அணியின் உடைமாற்றும் அறை ஊழியர்கள் நட்சத்திரங்களுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பந்துகள் ஏராளம். அவற்றில் பந்து சரி, மை சரி, ஆண்டும் சரி. கை மட்டும் வேறு.

ஒப்பிட நம்பகமான மாதிரி வேண்டும். வங்கி பணம் கொடுத்து முத்திரை குத்திய காசோலைகளும் ஒப்பந்தங்களும்தான் சிறந்தவை. டை காப்பின் காசோலைகள் நிறையவே சந்தையில் உள்ளன, பல பச்சை மையில். மாதிரியும் பந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். ரூத் 1920களின் பிற்பகுதி வரை ‘பேப்’ என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதுவார், பிறகு குறியை விட்டுவிட்டார். 1940களின் பந்தில் அந்தக் குறி இருந்தால் மறுபடியும் யோசியுங்கள்.

எழுத்தின் வடிவத்தைவிட வேகத்தைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டவர் கோட்டைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பேனா நகர்ந்துகொண்டே இருக்கும். முனைகள் கூர்ந்து மெலியும். பார்த்து வரைபவனின் கோடு மொட்டையாகத் தொடங்கி மொட்டையாக முடியும், வளைவில் நடுங்கும், தேவையில்லாத இடத்தில் பேனாவைத் தூக்கிவைத்த தடம் இருக்கும்.

அணிப் பந்தில் பெயர்ப்பட்டியலைச் சரிபாருங்கள். 1927 நியூயார்க் யாங்கீஸ் அணியின் பந்து என்கிறார்கள், அதில் பில் டிக்கி இருக்கிறார் என்றால் தவறு. அவர் 1928ல்தான் ஆடத் தொடங்கினார். மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் 1929 செப்டம்பரில் இறந்துவிட்டார், 1930ல் அணிக்கு வந்த லெஃப்டி கோமஸோடு ஒரே பந்தில் அவர் இருக்க நியாயமில்லை. இருபது பேர் கையெழுத்திலும் ஒரே சாய்வும் ஒரே அழுத்தமும் இருந்தால் எழுதியது ஒருவர்.

சிகரெட் அட்டைகள்

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டியில் வைத்துக் கொடுத்த, ஆட்டக்காரர் படம் போட்ட டி206 அட்டைகள்தான் இந்த உலகின் மையம். அதில் ஹோனஸ் வாக்னர் அட்டை 2022ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அசல் அளவு 1 7/16 × 2 5/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 36.5 × 66.7 மில்லிமீட்டர். அந்தக் காலத்து வெட்டில் சிறு வேறுபாடு இயல்பு; அமெரிக்கன் பியூட்டி சிகரெட் விளம்பரம் பின்புறமுள்ளவை இயல்பாகவே அகலம் குறைந்தவை.

10 மடங்கு லூப்பில் அடியிலுள்ள பெயரைப் பாருங்கள். அசலில் அது கெட்டியான ஒரே பழுப்பு மை. மறுபதிப்பில் அந்த எழுத்துகளும் பலநிறப் புள்ளிகளாகச் சிதறும். பிறகு விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். காகிதத்துக்கு வெண்மையூட்டும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவலானது. அட்டை நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அது 1909ன் காகிதம் அல்ல. மறுபதிப்பின் பின்புறத்தில் அதைக் குறிக்கும் சொல்லைச் சுரண்டியிருப்பார்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த இடம் தனியாகத் தெரியும். வாக்னர் என்றால் பின்புறம் ஸ்வீட் கபோரல் அல்லது பீட்மான்ட் சிகரெட் விளம்பரம் மட்டுமே.

அசல் அட்டையிலும் ஏமாற்று உண்டு. முனை மழுங்கிய அட்டையின் ஓரத்தைச் சீவிக் கூர்மையாக்குவது மிகப் பழைய தந்திரம். 1991ல் 4,51,000 டாலருக்கு விற்ற புகழ்பெற்ற வாக்னர் அட்டை 10க்கு 8 தரம் பெற்றது. அதன் ஓரத்தைத் தான் வெட்டியதாக ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013ல் ஒப்புக்கொண்டார். நான்கு ஓரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்: நூறாண்டு ஓரம் நிறம் மங்கி, நார் லேசாகப் பிரிந்திருக்கும், புதிய வெட்டு வெளுப்பாக, கத்தி போன திசையில் வழவழப்பாக இருக்கும்.

டாப்ஸ் நிறுவனத்தின் 1952 அட்டைகளுக்கு ஒரு குறுக்குவழி: அசல் 2 5/8 × 3 3/4 அங்குலம், 1983ல் டாப்ஸே வெளியிட்ட மறுபதிப்பு 2 1/2 × 3 1/2.

ஜெர்சி, மட்டை, புகைப்படம்

ஜெர்சியில் அணியின் உடை வரலாறுதான் முதல் வடிகட்டி. யாங்கீஸ் முதுகில் எண் போட்டது 1929ல். கோடு போட்ட அவர்களின் உள்ளூர் ஜெர்சியில் 1917 முதல் 1935 வரை மார்பில் ‘என்ஒய்’ சின்னமே கிடையாது. ரூத் யாங்கீஸுக்கு ஆடியது 1920 முதல் 1934 வரை. ஆகவே அவர் ஆட்டத்தில் அணிந்ததாகச் சொல்லப்படும் கோடு போட்ட ஜெர்சியில் சின்னம் இருந்தால் கதை பொய். பிற்கால விழாக்களில் சின்னத்தோடு அணிந்திருக்கிறார், அதை ஆட்ட ஜெர்சி என்று விற்கக் கூடாது. ‘டபுள் நிட்’ எனப்படும் பின்னல் துணி 1970ல் பைரேட்ஸ் அணியோடு வந்தது. அதற்கு முன் கம்பளி ஃபிளானல். பழைய ஜெர்சிகளைச் சிறிய லீக் அணிகளுக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே எண்ணையும் எழுத்தையும் மாற்றித் தைப்பார்கள். துணிக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் பழைய ஊசித் துளைகளின் வடிவம் தெரியும். புற ஊதாவில் துணி ஒளிர்ந்தால் உடனே ஒதுக்காதீர்கள், சலவைத்தூளும் ஒளிரும். தையல் நூல் மட்டும் தனியாகப் பளிச்சிட்டால்தான் கவலை.

விலையைத் தீர்மானிப்பது புகைப்படப் பொருத்தம். கோடு எந்தத் தையலில் எப்படி முட்டுகிறது, எழுத்தின் எந்த மூலை எந்தப் பொத்தானுக்கு நேரே வருகிறது என்று அக்காலப் படத்தோடு ஒப்பிடுவார்கள். 1932 உலகத் தொடரில் ரூத் அணிந்த சாம்பல் ஜெர்சி இப்படிப் பொருத்தப்பட்டு 2024ல் 2.41 கோடி டாலருக்கு விற்றது. நீங்களே பொருத்தும்போது படம் இடவலம் மாறி அச்சாகவில்லையா என்று முதலில் பாருங்கள்.

மட்டையில் நடுமுத்திரையைப் படியுங்கள்: ‘ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி’ என்ற தயாரிப்பாளர் பெயர் 1916க்கு முன் இல்லை. கைப்பிடிக் குமிழில் 34, 35 என்று நீளம் மட்டும் இருந்தால் அது கடையில் விற்ற மட்டை. புகைப்படத்தில், மூல நெகட்டிவிலிருந்து ஏறக்குறைய இரண்டாண்டுக்குள் அச்சிட்டது ‘டைப் 1’. இருண்ட பகுதிகளில் வெள்ளி மேலே வந்து கண்ணாடிபோல் மினுங்குவது, பின்புறம் செய்தி நிறுவன முத்திரை, இரண்டும் நல்ல அறிகுறி. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள் பழையதல்ல.

சான்றிதழும் வாங்குவதும்

1990களில் எஃப்பிஐ நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் சிக்கிய போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கள்கூட இருந்தன. சான்றிதழோடுதான் அந்தக் கும்பல் சரக்கை விற்றது. தாளைவிட அதைக் கொடுத்தவர் யார் என்பதே முக்கியம். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகியவை சந்தை ஏற்கும் சான்று நிறுவனங்கள். சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு உங்கள் பொருளின் கறை, மடிப்பு, ஓரவெள்ளை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்; எண்ணைத் திருடிப் போலிப் பிளாஸ்டிக் பெட்டியில் ஒட்டுவது நடக்கிறது. பேஸ்பால் லீகின் சொந்த ஹாலோகிராம் திட்டம் 2001ல்தான் தொடங்கியது, 1950களின் ஆட்டப் பொருளில் அது இருக்கக் கூடாது.

பழைய கடிதங்கள், 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் என்றால் திருட்டுச் சரக்கா என்றும் பாருங்கள். 1921ல் நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்த ஸ்பால்டிங் தொகுப்பிலிருந்து நிறையக் காணாமல் போயிருக்கின்றன. தாளில் சுரண்டிய முத்திரைத் தடமோ ஆல்பத்திலிருந்து கிழித்த பசைத் தடமோ இருந்தால், பணம் கொடுக்கும் முன் நூலகத்தைக் கேளுங்கள்.

முதல் வாங்கலே பெரிய பெயராக வேண்டாம். பெயர் தெரியாத ஆட்டக்காரரின் தேய்ந்த டி206 அட்டை ஒன்றும், கையெழுத்தே இல்லாத ஹாரிட்ஜ் பந்து ஒன்றும் வாங்கி வையுங்கள். லூப்பிலும் டார்ச்சிலும் அசல் எப்படித் தெரியும் என்று கண் பழக அவைதான் வழி. பெரிய தொகைக்கு வாங்கும்போது, இன்னொரு சான்று நிறுவனம் நிராகரித்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதை, எத்தனை நாளுக்குள் என்பதோடு, எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு அமெரிக்க ஏலங்களில் மதிப்பில்லை.

வந்த பொருளைத் துடைக்காதீர்கள். பிவிசி உறைகள் வேண்டாம், மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், வெயில் படாத அலமாரி. மங்கிவரும் கையெழுத்துப் பந்தைக் காட்சிக்கு வைக்கவே வேண்டுமென்றால் கையெழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.