மாடிக்குப் போகக் கூடாது: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகளைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. வந்த புதிதில், ஒரு வீட்டின் மாடிப்படி உளுத்துப் போயிருந்தது. வெளிநாட்டு அம்மையார் ஒருவரிடம், 'யூ நீட் நாட் கோ அப்' என்றேன். "பரவாயில்லை, எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி விறுவிறுவென்று ஏறினார். நான்காவது படி முறிந்தது. கைப்பிடியைப் பற்றியதால் தப்பினார்.

நான் சொல்ல நினைத்தது 'போகக் கூடாது'. சொன்னதோ 'போக வேண்டியதில்லை'. மோடல் வெர்ப் எனப்படும் துணைவினைகளில் நம்மவர் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கூடாது என்றால் 'மஸ்ட் நாட்'. வேண்டியதில்லை என்றால் 'நீட் நாட்' அல்லது 'டோன்ட் ஹாவ் டு'. நம்முடைய 'வேண்டாம்' இரண்டு பக்கமும் சாயும், அதை நம்பாதீர்கள். 'சுவரைத் தொட வேண்டாம்' என்று மரியாதைக்குச் சொன்னாலும் பொருள் தொடக் கூடாது என்பதுதானே? முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரின் பளபளப்பைக் கண்டால் எல்லோர் கையும் நீளும். அங்கே 'ப்ளீஸ் டோன்ட் டச்' போதும்.

வடிவத்தில் சிக்கலே இல்லை. நான் போக வேண்டும், அவள் போக வேண்டும்: ஆள் மாறினாலும் 'வேண்டும்' மாறுவதில்லை. மஸ்ட், கேன், மே எல்லாம் அதே சாதி. 'ஷீ கேன்ஸ்' கிடையாது. 'ஷீ கேன் டு கோ' என்பதும் தவறு, 'ஷீ கேன் கோ' என்பதே சரி. 'ஆட்' (ought) மட்டும் 'டு'வைக் கையோடு கூட்டி வரும்.

இறந்தகாலத்தில் கவனம் தேவை. 1942-இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் பலர் சொத்தை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. இதை 'ஹாட் டு ரிட்டர்ன்' என்றுதான் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் 'மஸ்ட் ஹாவ் ரிட்டர்ன்ட்' என்றான். "உறுதியாகத் தெரியாதா?" என்று கேட்டார் விருந்தாளி. அவர் கேட்டது நியாயமே: பையன் சொன்னது 'திரும்பியிருக்க வேண்டும்' என்ற ஊகம். தூணைத் தட்டிப் பார்த்து, 'இது பர்மாத் தேக்காக இருக்க வேண்டும்' என்கிறோமே, அந்த வேண்டும்தான் 'மஸ்ட் பி'. அதற்கு எதிர்மறை 'மஸ்ட் நாட் பி' அல்ல. தமிழைப் போலவே 'இருக்க முடியாது', அதாவது 'கான்ட் பி'.

'லாம்' சோம்பேறி விகுதி, எல்லா வேலைக்கும் அதையே அனுப்புவோம். படம் எடுக்கலாம் என்ற அனுமதிக்கு 'கேன்' அல்லது 'மே'. நாளை மழை வரலாம் என்பதற்கு 'மே' அல்லது 'மைட்', அங்கே 'கேன்' வராது. சாப்பிடலாம், வாருங்கள் என்பது 'லெட்ஸ்'. அது இந்தக் கூட்டத்திலேயே இல்லை.

கடைசியாக மரியாதை. நமக்கு அது 'உங்கள்' விகுதியில் இருக்கிறது, ஆங்கிலத்தில் 'குட்' (could), 'வுட்' (would) இரண்டிலும் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் கால் வைக்குமுன் 'யூ மஸ்ட் ரிமூவ் யுவர் ஷூஸ்' என்றால் காவல் நிலையத் தோரணை வந்துவிடும். 'குட் யூ ரிமூவ் யுவர் ஷூஸ், ப்ளீஸ்' என்று கேளுங்கள். ஆனால் வெள்ளைப் பணியாரத் தட்டை நீட்டும்போது தயங்காமல் 'யூ மஸ்ட் ட்ரை திஸ்' என்று சொல்லலாம், அது உபசாரம். அங்கே போய் 'யூ குட் ட்ரை திஸ்' என்றால், பணியாரத்தின் ருசியில் உங்களுக்கே சந்தேகம் என்றாகிவிடும்.