வாடகைக்கு இ-பைக் எடுக்கும்போது மோட்டார் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் இ-பைக் வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதைத்தான். மோட்டார் எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. கீழடிக்கோ கீழக்குயில்குடிக்கோ போய் வருவதென்றால் அது பெரிய விஷயமில்லை, எல்லாம் சமதரை. சிறுமலை, கொடைக்கானல் பக்கம் டபுள்ஸ் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

வகையைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். பின்சக்கரத்தின் நடுவில் பெரிய உருண்டை அலுமினியக் கூடு இருந்து, அச்சின் ஓரத்திலிருந்து தடித்த கேபிள் வெளியே வந்தால் அது ஹப் மோட்டார். மோட்டார் வண்டியின் உடம்பில் இருந்து, பல் வைத்த பெல்ட்டோ செயினோ சக்கரத்தைச் சுழற்றினால் மிட் டிரைவ். டிவிஎஸ் ஐகியூப் முதல் வகை, ஏதர் 450 இரண்டாவது வகை. விளம்பரத்தில் மோட்டார் ரகமாகப் போடும் பிஎல்டிசியா, பிஎம்எஸ்எம்மா என்று குழம்ப வேண்டாம். இரண்டிலும் நிரந்தரக் காந்தம்தான். வாடகைக்கு எடுப்பவர் அதை வைத்து முடிவு செய்ய ஒன்றுமில்லை.

டார்க்கைச் (சுழற்றும் விசையை) சொல்லும் நியூட்டன் மீட்டர் எண்ணை அப்படியே ஒப்பிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. ஹப் மோட்டாரின் டார்க் நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. மிட் டிரைவில் மோட்டார் தண்டில் 26 என்று போட்டிருந்தாலும், நடுவில் உள்ள பற்சக்கர விகிதம் அதைப் பல மடங்கு பெருக்கித்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். எனவே சக்கரத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். வாட் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. 'பீக்' என்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைக்கும் சக்தி. மலை ஏற்றத்துக்கு உதவுவது தொடர்ந்து தரக்கூடிய 'ரேட்டட்' சக்திதான்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக 250 வாட், 25 கிலோமீட்டர் வேக வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்புவது அடுத்த தவறு. 80 கிலோ வண்டியில் 75 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்து, நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ரோட்டில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 250 வாட்டை முழுசாகக் கொடுத்தாலும் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் வரும். இன்னொருவர் ஏறினால் நாலு. அந்த வேகத்தில் ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றும், கரண்ட் மட்டும் அதிகமாக இழுக்கும்; செம்புச் சுருள் சூடாகும். மூடிய கூடு என்பதால் சூடு சீக்கிரம் வெளியேறாது. சித்திரை வெயிலும் சேர்ந்தால், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதைக் குறைத்துவிடும், வண்டி வளைவிலேயே நின்றுபோகும். 250 வாட் என்று சொல்லும் வண்டி 45-ல் ஓடினால் அதை எடுக்காதீர்கள். 25-ஐத் தாண்டினாலே பதிவும் லைசென்ஸும் இல்லாமல் ஓட்ட முடியாது.

பேட்டரிக் கணக்கும் இங்கே மாறும். இரண்டு பேரும் கொஞ்சம் பெரிய வண்டியுமாக 265 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரம் ஏற்றவே முக்கால் யூனிட் ஆகும். மோட்டார் இழப்பும் சேர்ந்தால் ஒரு யூனிட்டை நெருங்கும். பேட்டரி 3 யூனிட் என்றால் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். சமதரையில் சொன்ன கிலோமீட்டரை மலையில் எதிர்பார்க்க முடியாது.

இதனால் ஹப் மோட்டார் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மாசி வீதி, கோரிப்பாளையம் நெரிசலுக்கு அது அருமை: சத்தம் இல்லை, மாற்ற பெல்ட் இல்லை, எண்ணெய் போடச் செயின் இல்லை. பஞ்சர்தான் தொல்லை. பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் மூன்று தடித்த ஒயர்களையும் மெல்லிய சென்சார் ஒயர்களையும் பிரிக்க வேண்டும். ரோட்டோரக் கடையில் பலர் கைவைக்கத் தயங்குவார்கள். டியூப்லெஸ் டயர் உள்ள வண்டியைக் கேட்டு வாங்குங்கள், சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம்.

மழைக்காலத்தில் தரைப்பாலத்தைக் கடக்கும்போது கவனம். சிறிய சக்கர ஸ்கூட்டரில் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். கேபிள் உள்ளே நுழைவதும் அங்கேதான். ஓடிச் சூடான மோட்டார் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் புகாது என்று சொல்லும் ஐபி67 முத்திரை புது சீலுக்குத்தான் பொருந்தும். வாடகை வண்டியின் சீல் எத்தனை மழை பார்த்ததோ!

எடுக்கும் முன் சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகிப் பாருங்கள். சக்கரம் திக்கித் திக்கி நடுங்கி, கையால் தள்ளிவிட்டால் மட்டும் சரளமாகச் சுற்றினால் மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரில் கோளாறு. கியர் வைத்த சின்ன ஹப் மோட்டாரில் கரகர சத்தம் வந்தால் உள்ளே பற்கள் தேய்ந்திருக்கின்றன. அந்த வகையில் ஒருவழி கிளட்ச் இருப்பதால் இறக்கத்தில் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்வது) கிடைக்காது. வேகத்தைப் பிடிக்கப் பிரேக் மட்டும்தான், ஆகவே மலைக்கு வேண்டவே வேண்டாம். பெல்ட் வண்டியில் பல் உதிர்ந்திருக்கிறதா, ஓரம் நைந்திருக்கிறதா என்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, அப்படியே போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பழைய சேதத்துக்கு உங்களிடம் காசு கேட்டால் அதைக் காட்டலாம்.