டூர்னிகே கட்டுவது எப்படி: திருகுவதற்கு முன் இழுங்கள்

ராணுவ மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையுறை மாட்டுவது, உதவிக்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் தெரிந்திருக்கும், அதனால் நேரே ரத்தப்போக்குக்கு வந்துவிடலாம். டூர்னிகே என்பது கையையோ காலையோ சுற்றிக் கட்டி, அதிலுள்ள குச்சியைத் திருகி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை.

களத்தில் நாம் பின்பற்றும் வரிசைக்கு ‘மார்ச்’ (MARCH, ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்) என்று பெயர். முதலில் பெரும் ரத்தப்போக்கு, அப்புறம் மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், கடைசியில் தலைக்காயமும் உடல் குளிர்ந்துபோவதும். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும் என்பதால்தான் மூச்சுப்பாதைக்கு முன்னால் ரத்தம் வருகிறது. 2006இல் பாக்தாதில் ஒரு ராணுவ மருத்துவமனையில் எடுத்த கணக்கைப் பாருங்கள்: ஷாக் நிலைக்கு, அதாவது ரத்தம் இழந்து உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலைக்கு, போவதற்கு முன்பே டூர்னிகே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான்.

1. இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால் காயத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உடையின் மேலேயே, கையிலோ காலிலோ எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே கட்டி இறுக்குங்கள். அடிபட்டவரால் முடிந்தால் அவரே கட்டிக்கொள்ளட்டும். தொடைப் பையில் போன், தோட்டாப் பெட்டி ஏதாவது இருந்தால் அதன் மேல் பட்டை விழக் கூடாது.

2. மறைவான இடத்துக்கு வந்த பிறகு உடையை வெட்டிக் காயத்தைப் பாருங்கள். காயத்துக்கு 5 முதல் 7.5 செ.மீ. மேலே, நேரே தோல்மீது கட்ட வேண்டும். முட்டியிலும் முழங்கையிலும் வேண்டாம்.

3. பட்டையை இழுத்துத் தொய்வை முழுவதும் எடுங்கள். இந்த இடத்தில்தான் நான் தவறினேன். பயிற்சியில் கூட்டாளியின் தொடையில் கட்டினேன், குச்சியைத் திருகினேன், திருகத் திருக இறுகுவதுபோல் இருந்தது, சரி முடிந்தது என்று கையை எடுத்தேன். பயிற்சியாளர் குனிந்து பாதத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு என் விரலையும் அங்கே வைத்தார். நாடி துடித்துக்கொண்டிருந்தது. தொய்வு இருந்தால் குச்சியின் திருகல் எல்லாம் அதைச் சுருட்டுவதிலேயே செலவாகிவிடும், தமனிவரை அழுத்தம் போகாது. இதில் இன்னொரு கெடுதல்: அரைகுறையாக இறுகிய பட்டை சிரையை மட்டும் அடைக்கும், தமனி ரத்தத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், ரத்தம் திரும்ப வழியில்லாமல் காயத்தில் முன்பைவிட அதிகமாகக் கொட்டும்.

அதனால் ஒரு கையால் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பட்டையை உங்கள் முழு பலத்தோடு இழுங்கள். மூன்று விரல் நுனிகளைப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் மறுபடி இழுங்கள். நுழையாதபோதுதான் வெல்க்ரோவை ஒட்ட வேண்டும்.

4. ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகிப் பூட்டுங்கள். பாதத்திலோ மணிக்கட்டிலோ நாடி இருக்கக் கூடாது. அவர் வலியில் கத்துவார், கெஞ்சவும் செய்வார், அதற்காகத் தளர்த்தாதீர்கள். வலிக்கு மருந்து இருக்கிறது. ரத்தம் நிற்கவில்லை என்றால் முதல் பட்டையை ஒட்டி, அதற்கு மேலே இரண்டாவதைக் கட்டுங்கள்.

5. கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள். மார்க்கர்தான், பேனா ஈரத்தில் எழுதாது.

அக்குள், கவட்டை, கழுத்தில் டூர்னிகே உதவாது. ரத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்த ஆழத்துக்கே ரத்தம் உறையவைக்கும் காஸ் துணியைத் திணித்து, இரண்டு கையாலும் குறைந்தது 3 நிமிடம் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்த்தால் உருவான ரத்தக்கட்டி பிய்ந்துவிடும்.

பயிற்சிக்கு ஒன்று, களத்துக்கு வேறொன்று என்று இரண்டு டூர்னிகே வைத்திருங்கள். பலமுறை திருகிய பட்டையும் குச்சியும் தேய்ந்திருக்கும். களத்துக்கு உரியதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, எந்தக் கைக்கும் எட்டும்படி வெளியே மாட்டுங்கள். மலிவான போலிகளை நான் தொடவே மாட்டேன், திருகும்போது குச்சி வளைந்தால் அந்த நொடியில் உங்களிடம் ஒன்றுமில்லை. குச்சி சொருகிய துணிக்கட்டு, வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

பிற்சேர்க்கை: படித்தவர்களில் ஒருவர், ‘சேற்றில் வெல்க்ரோ ஒட்டவில்லை’ என்று எழுதியிருந்தார். மடித்து வைக்கும்போதே பட்டையின் ஒட்டும் பக்கம் வெளியே தெரியாதபடி மடியுங்கள். குச்சியைப் பூட்டிய பிறகு பட்டையின் மிச்ச நுனியைப் பூட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் மேல் நேரம் எழுதும் சிறு பட்டியை ஒட்டினால் தூக்கிச் செல்லும்போது அவிழாது.

இன்னொருவர், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தளர்த்தி ரத்தம் விடலாமா என்று கேட்டார். கூடாது, அது பழைய பழக்கம், ஒவ்வொரு தளர்த்தலிலும் உடலில் மிச்சமிருக்கும் ரத்தம்தான் போகிறது. முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் காஸும் அழுத்தக் கட்டும் போட்டு டூர்னிகேயை மெதுவாக விடுவித்துப் பார்க்கலாம். ஆனால் அவர் ஷாக்கில் இருக்கக் கூடாது, கை கால் துண்டாகியிருக்கக் கூடாது, காயத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மீண்டும் கசிந்தால் உடனே இறுக்க வேண்டும், அதனால் பட்டையைக் கழற்றாமல் அங்கேயே விட்டுவையுங்கள். 6 மணி நேரம் தாண்டிவிட்டால் களத்தில் அதைத் தொடாதீர்கள், அறுவை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.